ம் கொட்டியவர்

அந்த வாழ்த்து அட்டை நிறுவனத்துக்குத் தொலைபேசியில் அழைத்தால், வரவேற்பில் இருக்கும் பெண் முதலில் கேட்கும் கேள்வி, “கல்யாணமா, மரணமா?” என்பதுதான். புதிதாக அழைப்பவர்கள் கொஞ்சம் தடுமாறுவார்கள். பழகியவர்கள், “மரணம் இருக்காரா?” என்று நேராகவே கேட்டுவிடுவார்கள். “மரணம் சாப்பிடப் போயிருக்கார். வந்ததும் உங்களைக் கூப்பிடச் சொல்லவா?” என்பாள் அவள். வேண்டாம், நாங்களே கூப்பிடுகிறோம் என்று எல்லோரும் அவசரமாகச் சொல்லிவிடுவார்கள்.

அங்கே வேலை பார்த்தவர்களுக்கு அம்மா அப்பா வைத்த பெயர்கள் இருக்கத்தான் செய்தன. ஆனால் யாரையும் பிரிவின் பெயரால் அழைப்பதுதான் வழக்கம். மரணப் பிரிவு தரைத்தளத்தில் இருந்தது. அவசர ஆர்டர் என்று வருவது அவர்களுக்குத்தான். கல்யாணமும் பிறந்தநாளும் முதல் மாடி. கல்யாணம் மேடம் தம்முடைய விவாகரத்து வழக்குக்காக அடிக்கடி அரைநாள் விடுப்பு எடுப்பார். அதை யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. மன்னிப்புப் பிரிவு இரண்டாம் மாடியில், தலைவர் அறையை ஒட்டினாற்போல் இருந்தது. அதற்குத் தனி வாசல் உண்டு. அது பூட்டியே இருக்கும்.

மன்னிப்பு சார் பெரிய திறமைசாலி. ஒருமுறை மாடிப்படியில் அவர் யாருடைய காலையோ நன்றாக மிதித்துவிட்டார். மிதிபட்டவர் அலற, மன்னிப்பு சார் நிதானமாகத் திரும்பிப் பார்த்து, “உங்க கால் என் காலுக்குக் கீழ வந்துடுச்சு போல இருக்கு,” என்றார். அன்று மாலையே அவருக்குப் பதவி உயர்வு வந்தது.

இந்தக் கதையின் நாயகர் அங்கே பிழை திருத்துபவர். ‘பிழை சார்’ என்று ஆரம்பித்த பெயர் வாய்க்கு வாய் தேய்ந்து ‘பிழையார்’ ஆகிவிட்டது. “பிழையார் வந்தாச்சா?” “பிழையார் கண்ணுல பட்டுச்சா?” என்று தினமும் நாலு பேர் கேட்பார்கள். அவருக்கும் அதில் ஒரு சின்னப் பெருமை இருந்தது.

அவர் வேலைக்குச் சேர்ந்த விதமே தனி. அப்போது நிறுவனம் ஓர் உள்நாட்டுப் போரில் இருந்தது. ‘வாழ்த்துகள்’ என்று அச்சிடுவதா, ‘வாழ்த்துக்கள்’ என்று அச்சிடுவதா என்பதுதான் பிரச்சினை. நடுவில் க் வேண்டும் என்பவர்கள் ஒரு பக்கம், கூடாது என்பவர்கள் மறுபக்கம். இரண்டு அணியும் ஒரே மேசையில் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தன. கடைசியில் கல்யாணத்துக்கு க் உண்டு, பிறந்தநாளுக்குக் கிடையாது என்று சமரசம் ஆயிற்று. கல்யாணமான அன்றே பிறந்தநாளும் வரும் வாடிக்கையாளர்களைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

நேர்காணலில் தலைவர் கேட்டார்: “வாழ்த்துகளா, வாழ்த்துக்களா? உங்க நிலைப்பாடு என்ன?”

முன்னால் வந்தவர்கள் இலக்கணம் பேசித் தோற்றிருந்தார்கள். நம்மவர் எதிரே இருந்த முகங்களில் எது எந்த அணி என்று பார்த்துக்கொண்டே, நேரம் வாங்குவதற்காக, “ம்…” என்றார்.

க் அணி தலையாட்டியது. க் இல்லாத அணியும் தலையாட்டியது. அன்றே வேலை கிடைத்தது.

அதிலிருந்து அந்த ஓர் எழுத்தை அவர் விடவில்லை. ஆமாம் என்பதற்கு ம். பார்க்கலாம் என்பதற்கு ம். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு ம். கேட்கவே இல்லை என்பதற்கும் அதே ம். கூட்டத்தில் தலைவர் பேசும்போது சரியான இடங்களில் ம் கொட்டுவதற்காகவே அவரை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள்.

வீட்டிலும் அதேதான். “எண்ணெய் தீர்ந்துபோச்சு,” என்பாள் மனைவி. “ம்.” “பாப்பாவுக்குப் பல் ஆடுது.” “ம்.” “நான் பக்கத்து வீட்டுக்காரரோட ஓடிப்போறேன்.” “ம்.” “பக்கத்து வீடு காலியாக் கிடக்குதுங்க. ரெண்டு மாசமாச்சு.” “ம்?”

இப்படி யாருக்கும் தொந்தரவில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் நகரத்தின் பெரிய மருத்துவமனை ஓர் ஆர்டர் கொடுத்தது. குணமாகி வீட்டுக்குப் போகும் நோயாளியின் கையில் பில்லைத் தவிர வேறு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருந்தது. மஞ்சள் பூக்கள் போட்ட அட்டை. உள்ளே வாசகம்: ‘ஓய்வெடுங்கள். விரைவில் மீண்டு வருக. அன்புடன், மருத்துவமனைக் குடும்பத்தார்.’

சாதாரணமாக எந்த வாசகமும் தாளில் அச்செடுக்கப்பட்டு, சிவப்புப் பேனாவுக்குப் போய்த்தான் திரும்பும். ஆனால் தலைவர் சமீபத்தில் ஒரு புதிய முறையைக் கொண்டுவந்திருந்தார். அவசர ஆர்டர்களுக்கு வாயாலேயே கேட்டு வாயாலேயே திருத்திவிடுவது. அதற்கு ‘உடனுக்குடன்’ என்று பெயர். திறப்பு விழாவெல்லாம் நடந்தது.

கணினியில் எழுத்துக் கோப்பவர் எழுத்தக்கா. முதல் மாடியில் அவருக்கும் பிழையாருக்கும் நடுவில் ஓர் ஒட்டுப்பலகைத் தடுப்பு. தடுப்புக்கு மேலாகக் குரல் வரும், டீ வரும், சில சமயம் திட்டும் வரும்.

அன்று மத்தியானம் அக்காவின் குரல் வந்தது.

“தம்பி, இங்க ‘மீண்டு வருக’ன்னு இருக்கே. எழுதினவர் முழுங்கிட்டாரா, இல்ல அப்படியேதானா? ம் போடவா?”

பிழையார் அப்போது ஸ்டேப்ளரின் வாயில் சிக்கியிருந்த பின்னை ஒரு குண்டூசியால் நோண்டிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் உலகத்தில் அதைவிட முக்கியமான வேலை அவருக்கு இருக்கவில்லை.

“ம்,” என்றார்.

அக்கா ம் போட்டார்.

*

முதல் அட்டை பித்தப்பை எடுத்த ஒருவருக்குப் போயிற்று. அவருடைய மனைவி அதை வாய்விட்டுப் படித்தார். “விரைவில் மீண்டும் வருக.” பிறகு நர்சைப் பார்த்து, “ஏம்மா, எதையாவது உள்ள வச்சுத் தைச்சுட்டீங்களா?” என்றார். குடும்பம் மொத்தமும் மறுபடி ஒரு ஸ்கேன் எடுத்தால்தான் இடத்தைக் காலி செய்வோம் என்று வராந்தாவில் உட்கார்ந்துவிட்டது.

மரியாதை தெரிந்த ஒரு பெரியவர், மறுநாளே சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, வாக்கிங் ஸ்டிக்கோடு வந்து நின்றார். “வரச் சொல்லியிருந்தீங்களே,” என்றார்.

பிரசவம் பார்க்கும் பகுதியில் புகாரே வரவில்லை. ஒரு கணவர் மட்டும் அட்டையை மனைவி கண்ணில் படாமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இதையெல்லாம் கேட்டு அலுவலகம் சிரித்தது. பிழையாரும் சிரித்தார். நாலு சிரிப்பு சிரித்த பிறகுதான், அந்தக் குண்டூசியும் அந்த மத்தியானமும் அவருக்கு ஞாபகம் வந்தன. சிரிப்பு பாதியில் நின்றது. மற்றவர்களின் சிரிப்பு நிற்க இன்னும் ஒரு நாள் ஆயிற்று.

ஒரே ஓர் அம்மா உண்மையாகவே திரும்பி வந்தார். வீட்டுக்குப் போன இரண்டாம் நாள், தையல் சீழ் பிடித்து, ஆம்புலன்ஸில். அவருடைய மகன் அந்த அட்டையைக் கொண்டுவந்து மருத்துவமனை நிர்வாகியின் மேசையில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் நின்றிருக்கிறான். திட்டியிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன் என்று நிர்வாகி தொலைபேசியில் சொன்னார்.

அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். பிழையார்தான் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

*

விசாரணை இரண்டாம் மாடிக் கூடத்தில் நடந்தது. தலைவர், மன்னிப்பு சார், மரணம் சார் ஆகிய மூவரும் குழு. மரணம் சார் எதற்கு என்று யாருக்கும் தெரியாது. இறுக்கமான சூழ்நிலைகளில் அவர் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தலைவர் நினைத்தார்.

தலைவர் எழுந்து நின்று பேசினார். உட்கார்ந்து பேசினால் அவருக்கு உணர்ச்சி வராது.

“நாம விக்கிறது காகிதம் இல்ல, மனசு. மனசுல பிழை வராது. காகிதத்துலதான் வரும். அதனால இது நம்ம பிழை இல்ல, காகிதத்தோட பிழை. சரி, ஆஸ்பத்திரிக்கு ஒரு மன்னிப்பு அட்டை அனுப்பலாமேன்னு கீழ யாரோ பேசிக்கிட்டதா காதுல விழுந்துச்சு. எவ்வளவு பெரிய ஆபத்து! ஊர்ல எல்லாரும் நம்மகிட்ட மன்னிப்பு வாங்கிட்டுப் போறாங்க. நாமளே மன்னிப்புக் கேட்டுட்டா, நம்மகிட்ட எவன் வாங்குவான்? வருத்தம் வேற, பொறுப்பு வேற. வருத்தப்படறது நம்ம தொழில். பொறுப்பேத்துக்கறது வாடிக்கையாளரோட தொழில்.”

முன்வரிசையில் பழக்கத்தால் ஒரு ம் எழுந்து தொண்டை வரை வந்தது. பிழையார் அதை விழுங்கினார்.

“ஆனா குழுன்னு ஒண்ணு போட்டாச்சு,” என்றார் தலைவர் வருத்தத்துடன். “போட்ட குழுவுக்கு ஒரு குற்றவாளி வேணும். எழுத்தக்கா, அந்த ம்-ஐ ஏன் போட்டீங்க?”

“கேட்டுத்தான் சார் போட்டேன்.”

“யாரைக் கேட்டீங்க?”

அக்கா ஒரு கணம் பிழையாரைப் பார்த்தார். நீங்களே சொல்லுங்க என்று இடம் விட்டு நகர்ந்து நிற்பவரின் பார்வை அது. பிழையார் தம்முடைய சட்டைப் பொத்தானைப் பார்த்தார்.

“தடுப்புக்கு அந்தப் பக்கம் கேட்டேன்,” என்றார் அக்கா.

“பதில் வந்துச்சா?”

“வந்துச்சு.”

“என்ன பதில்?”

“ம்.”

“என்ன?”

“ம்.”

“நான் கேக்கறது உங்களுக்குக் கேக்குதா இல்லையா?”

“பதிலே அதான் சார். ம்.”

குழு தலையைச் சேர்த்துக்கொண்டு பேசியது. மன்னிப்பு சார் தொண்டையைச் செருமினார். “ம் ஒரு மெய்யெழுத்து. மெய்யெழுத்து தனியா நின்னு ஒரு சொல் ஆகாது. சொல் இல்லைன்னா பதில் இல்ல. பதில் இல்லைன்னா, அக்கா தானாவே ம் போட்டிருக்காங்கன்னு ஆகுது.”

“அடேங்கப்பா,” என்றார் அக்கா. “அப்ப இங்க இத்தனை வருஷமா கூட்டத்துல யாருமே எதுக்கும் ஒத்துக்கவே இல்லையா சார்?”

மரணம் சாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமல் மாதிரி மாற்றிக்கொண்டார்.

தலைவர் பிழையார் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க. உங்களை நாங்க எதுக்கும் சந்தேகப்படல. அந்தப் பக்கத்துலேர்ந்து ம்-னு சொன்னது நீங்களா?”

ஆமாம் என்று சொல்ல வேண்டும் என்றுதான் பிழையார் வாயைத் திறந்தார். நாக்கு உலர்ந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. உதடுகள் மூடிக்கொண்டன. மூடிய உதடுகளுக்குள்ளிருந்து, அவருடைய வாழ்க்கையிலேயே மிகவும் நேர்மையான அந்த ஓசை வந்தது.

“ம்.”

“பாருங்க,” என்றார் தலைவர் நெகிழ்ந்துபோய். “கேட்டவுடனே கொட்டிடல. யோசிக்கிறார். பொறுப்பான மனுஷன். யோசிச்சு நிதானமாச் சொல்லுங்க, அவசரமே இல்ல.”

பிழையார் மறுபடி வாயைத் திறப்பதற்குள் டீ வந்துவிட்டது. டீக்குப் பிறகு தீர்ப்பு வந்துவிட்டது. தன்னிச்சையாக ஓர் எழுத்தைச் சேர்த்த குற்றத்துக்காக எழுத்தக்கா மாதக் கடைசியோடு போகலாம்.

*

பிழை திருத்துபவருக்கு ம்-ஐக் கண்டால் ஆகவில்லை என்றால், அவருக்குத் தமிழிலேயே வேலை இல்லை என்று அர்த்தம். ‘நலமும் வளமும் இன்பமும் பெற்று’ என்று ஒரு கல்யாண வரி வந்தது. ஒவ்வொரு ம்-இன் தலையிலும் ஒரு புள்ளி. ஒவ்வொரு புள்ளியும் ஒரு கண். ஆஸ்பத்திரி மேசை முன் ஒன்றும் பேசாமல் நின்ற அந்தப் பையனின் கண். பிழையார் அந்த வரியை முடிப்பதற்குள் வியர்த்துவிட்டார். வீட்டுக்குப் போகும் வழியில் கடைவாசல்களில் எல்லாம் அதே இரண்டு சொற்கள்: மீண்டும் வருக. துணிக்கடை சொன்னது, மருந்துக்கடை சொன்னது, முடிதிருத்துபவர்கூடச் சொன்னார்.

வீட்டில் மனைவி பேசிக்கொண்டே இருந்தாள். வழக்கமான இடத்தில் ம் வரவில்லை என்றதும் பேச்சை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

“என்ன, உடம்பு சரியில்லையா?”

அவர் சொன்னார். குண்டூசியிலிருந்து டீ வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“எழுத்தக்கா உங்க பேரைச் சொல்லாம விட்டாங்களா?” என்றாள் கடைசியில்.

“என்னைப் பார்த்தாங்க. ஆனா சொல்லல.”

“நீங்களே சொல்லுவீங்கன்னு விட்டிருக்காங்க. நீங்க பொத்தானை எண்ணிக்கிட்டு நின்னிருக்கீங்க.” தட்டை அவர் பக்கம் தள்ளினாள். “சாப்பிடுங்க. நாளைக்குப் போய்ச் சொல்லிடுங்க. வாயைத் திறந்து. முழுசா.”

அலமாரியின் மேல் அவர் போன வருஷம் அவளுக்குக் கொடுத்த அட்டை நின்றது. ஊழியர்களுக்குப் பிழையான அட்டைகள் இலவசம். அதில் ‘பிறந்தநாள் வாழ்ந்துகள்’ என்று இருந்தது. அவள் அதைப் படித்துவிட்டு, “வாழ்ந்தாச்சு, விடுங்க,” என்று சொல்லி எடுத்து வைத்திருந்தாள்.

மறுநாள் பிழையார் தலைவர் அறைக்குப் போனார். உட்காராமலே, மனப்பாடம் செய்து வந்ததைச் சொன்னார். நான்தான் சார். என் தப்பு சார். அக்காவை நிறுத்தாதீங்க சார்.

தலைவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து வந்து, அவருடைய இரண்டு தோள்களையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

“இதுக்குப் பேர்தான் குற்ற உணர்ச்சி! அசல்! எவ்வளவு நாளாச்சு தெரியுமா இதைப் பார்த்து? நம்ம ஆபீஸ்ல யாருக்குமே இது கிடையாதுங்க. அதனாலதான் மன்னிப்புப் பிரிவுல சரக்கே நகரல. எல்லாம் பழசு. நேர்ந்திருந்தால், புண்பட்டிருந்தால்னு அரைச்ச மாவு. நீங்க போய் இதை அப்படியே மன்னிப்பு சார்கிட்ட எழுதிக் குடுங்க. ஆறிப்போறதுக்குள்ள எழுதணும்.”

“அக்கா வேலை சார்…”

“அதையும் எழுதுங்க. அது ரொம்ப முக்கியம். அதுலதான் உருக்கமே இருக்கு.”

பிழையார் எழுதினார். ‘அக்கா, நீங்கள் கேட்டபோது நான் கவனிக்காமல் ம் என்றேன். விசாரணையிலும் வாய் திறக்கவில்லை. உங்கள் வேலை போனதற்கு நான்தான் காரணம். தவறு என்னுடையது. மன்னித்துவிடுங்கள்.’

மன்னிப்பு சார் அதைப் படித்து ரசித்துவிட்டுப் பென்சிலை எடுத்தார்.

“ரொம்ப நல்லா இருக்கு. சின்னச் சின்ன மெருகுதான். அக்கான்னு போட்டா தங்கச்சி இருக்கிறவன் வாங்கமாட்டான். எடுத்துடலாம். அப்புறம் இந்த நான்…”

“நான்தானே சார் செஞ்சேன்.”

“செஞ்சீங்க. ஆனா நான்-னு போட்ட மன்னிப்பை எவனும் கையெழுத்துப் போட்டுக் குடுக்கமாட்டான். நம்ம மொழியோட அருமை உங்களுக்குத் தெரியல. எழுவாயே இல்லாம ஒரு வாக்கியம் ஜம்முனு நிக்கும். தவறு நேர்ந்துவிட்டது. யாரால? அதுவாவே. இந்த வசதி மட்டும் இல்லைன்னா நானெல்லாம் என்னிக்கோ தெருவுல நின்னிருப்பேன்.” பென்சில் ஓடியது. “தவறுங்கற வார்த்தை உறுத்துது. நிகழ்வு. இல்ல, மாற்றம். வேலை போச்சுங்கறது ரொம்பக் குறிப்பா இருக்கு. போனது என்னவா வேணா இருக்கலாமே? மன்னித்துவிடுங்கள்னு சொல்றது அதிகாரம் பண்ற மாதிரி இருக்கு. அவங்ககிட்ட எதையும் கேக்கக் கூடாது. பாராட்டணும்.”

பென்சில் நின்றபோது இப்படி இருந்தது: ‘மாற்றங்கள் நேர்வதுண்டு. புரிந்துகொள்ளும் உள்ளம் உங்களுடையது. வாழ்த்துகள்!’

“இது எனக்கு யாரோ அனுப்பின மாதிரி இருக்கு சார்,” என்றார் பிழையார்.

“அதான் வெற்றி! குடுக்கறவன், வாங்கறவன் ரெண்டு பேருக்குமே பொருந்துது.”

மன்னிப்பு அட்டையில் இதற்கு முன் ‘வாழ்த்துகள்’ வந்ததில்லை என்பதால், அதற்கு க் உண்டா இல்லையா என்று முடிவு செய்ய அன்றே ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது.

*

மாதக் கடைசியில் எழுத்தக்காவுக்கு வழியனுப்பு விழா. நிறுவனத்தின் வழக்கப்படி எல்லோரும் கையெழுத்திட்ட ஓர் அட்டை தர வேண்டும். புதிதாக வந்த வாசகம் கையோடு இருக்கும்போது வேறு எதற்கு என்று தலைவர் கேட்டார். கடைசியில் இன்னும் ஒரு வரி மட்டும் சேர்க்கச் சொன்னார்.

எழுத்துக் கோக்க வேறு ஆள் இன்னும் வரவில்லை. எனவே அக்காவின் வழியனுப்பு அட்டையை அக்காவே கோத்தார்.

தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

“தம்பி, கடைசி வரி ‘மீண்டும் வருக’ன்னு இருக்கு. இந்த ம் இருக்கட்டுமா, எடுக்கவா?”

முதல் மாடி முழுக்கப் பேச்சு நின்றது. கல்யாணம் மேடம் போனில் பேசிக்கொண்டிருந்த வக்கீலைக் காத்திருக்கச் சொன்னார். பிழையார் எழுந்து நின்றார். தடுப்புக்கு மேலே அக்காவின் உச்சந்தலையும் மூக்குக்கண்ணாடியின் மேல்விளிம்பும் மட்டும் தெரிந்தன.

சொல்வதற்கு அவரிடம் ஒரு பக்கம் இருந்தது. வந்தது ஒரு சொல்.

“இருக்கட்டும்.”

அதன் கடைசியிலும் ஒரு ம் இருந்தது.

விழாவில் தலைவர் பேசினார்: “அக்கா நம்மளை விட்டுப் போகல. அவங்களை நாமதான் வழியனுப்பறோம். இந்த வித்தியாசத்தை அவங்க புரிஞ்சுக்கணும்.” அட்டையில் எல்லோரும் கையெழுத்திட்டார்கள். பிழையாரும் இட்டார். அவர் எழுதியதற்கு அவரே கையெழுத்துப் போட்டும், அது அவருடையதாக ஆகவில்லை.

அக்கா அட்டையைப் படித்துப் பார்த்தார். “நான்தானே கோத்தேன், பிழை இருக்காது,” என்று சொல்லிக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

“போய்ட்டு வரேன் தம்பி.”

பிழையார் தலையை ஆட்டினார். வாயைத் திறக்க அவருக்குப் பயமாக இருந்தது.

*

பிறகு ஒருநாள் அவர் அக்காவைத் தேடிக்கொண்டு போனார். பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால், வண்டிகளுக்கும் கடைகளுக்கும் ஸ்டிக்கர் வெட்டிக் கொடுக்கும் ஒரு சின்னக் கடையில் அக்கா உட்கார்ந்திருந்தார். இயந்திரம் வெட்டித் தள்ளிய சிவப்புத் தாளிலிருந்து, எழுத்துகளைச் சுற்றியிருந்த வேண்டாத பகுதியை ஓர் ஊசியால் நெம்பி உரித்துக்கொண்டிருந்தார். தாளில் இருந்தவை அதே இரண்டு சொற்கள்.

“என்ன போடணும்?” என்றார் நிமிராமலே.

“அக்கா, நான்தான்.”

அக்கா நிமிர்ந்தார். “அட, பிழையார்! இங்கல்லாம் வருவீங்களா? உக்காருங்க. அந்த ஸ்டூல் வேண்டாம், பசை.”

அவர் உட்காரவில்லை. “அக்கா, அன்னிக்கு நான் கவனிக்காமச் சொல்லிட்டேன். அப்புறமும் சொல்லாம இருந்துட்டேன். என் தப்பு.”

“தெரியும்.” ஊசி மறுபடி வேலை செய்யத் தொடங்கியது. “அங்க யார்கிட்டயாவது இதைச் சொன்னீங்களா?”

“தலைவர்கிட்டச் சொன்னேன்.”

“என்ன பண்ணார்?”

“அச்சடிச்சார்.”

அக்காவின் கை நின்றது. “அந்த அட்டையா? ‘மாற்றங்கள் நேர்வதுண்டு’? அது நீங்களா?” அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நான் மரணம் சார் எழுதினதுன்னுல்ல நினைச்சேன்!”

சிரிப்பு அடங்கிய பிறகு சொன்னார்: “இந்தக் கடை ஓனர் நல்லவர்தான். ஆனா இங்க ரெண்டே வரிதான் தம்பி. இதுவும், ‘கடன் கேட்காதீர்’ங்கறதும். ஒரு புத்தக அச்சகத்துல ஆள் வேணும்னாங்க. பரீட்சை எல்லாம் வச்சுப் பார்த்துட்டு அந்த மேனேஜரம்மாவுக்கு என்னைப் பிடிச்சுப்போச்சு. பழைய ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்னு போன் போட்டிருக்காங்க. மன்னிப்பு சார் எடுத்திருக்கார். ‘எப்படி வேலை செய்வாங்க?’ன்னு கேட்டா, ‘ம்ம்ம்…’னு இழுத்தாராம். அவ்வளவுதான். அதுக்கப்புறம் போனே வரல.”

கடைக்கு வெளியே ஒரு பேருந்து வந்து நின்று, போயிற்று.

“நம்பர் குடுங்கக்கா,” என்றார் பிழையார்.

அக்கா ஊசியைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். பிறகு சொன்னார். அவர் அங்கேயே, பசை ஒட்டிய ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றபடி, தம்முடைய போனிலிருந்து அழைத்தார். மேனேஜரம்மாவே எடுத்தார்.

“வணக்கம்மா. நான் அந்த வாழ்த்து அட்டை ஆபீஸ்ல பிழை திருத்துறவன். உங்ககிட்ட பரீட்சை எழுதின எங்க எழுத்தக்கா விஷயமாப் பேசறேன். இங்க அவங்க வேலை போகக் காரணமான ஆஸ்பத்திரி அட்டைல தப்பு அவங்களுது இல்லம்மா. என்னுது. சரியா இருக்கான்னு அவங்க என்னைக் கேட்டாங்க. நான் காதுல வாங்காம ம்-னு சொன்னேன். விசாரணைல கேட்டப்பவும் நான் ஒழுங்கா வாயத் திறக்கல. எங்க ஆபீஸ்ல சந்தேகம்னு வந்தா நிறுத்திக் கேட்டது அவங்க ஒருத்தங்கதான். அவங்களுக்கு அந்த வேலையைக் குடுங்க. என் ஆபீசுக்கு வேணும்னாலும் இதை நான் சொன்னேன்னு சொல்லுங்க.”

செய்ததைச் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எழுவாய் இருந்தது. மன்னிப்பு சார் கேட்டிருந்தால் பென்சில் உடைந்திருக்கும்.

மறுமுனையில் காகிதம் புரளும் ஓசை கேட்டது. பிறகு பதில் வந்தது. பிழையார் போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டார். அதற்குள் தொடர்பு துண்டிக்கப்பட்டுவிட்டது.

“என்ன சொன்னாங்க?” என்றார் அக்கா.

“ம்-னாங்க.”

“எந்த ம்?”

பிழையார் அந்த ஓசையை மறுபடி மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். ஒத்துக்கொண்ட ம் மாதிரி இருந்தது. பார்க்கலாம் ம் மாதிரியும் இருந்தது. கையில் ஒரு ஸ்டேப்ளரை வைத்துக்கொண்டு சொன்னது மாதிரியும் இருந்தது.

“தெரியலக்கா.”

அக்கா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஊசியை எடுத்தார்.

“அன்னிக்கு எனக்கும் தெரியல தம்பி,” என்றார்.